தடங்கலில்லாத தேர்வு

பிரமோஷனுக்காக எழுதும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் தேர்வு. ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே லேப்டாப்பில் எழுதலாம். இளவரசன் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டிருந்தான்.

"இன்வெர்ட்டர்?"

"ஓடுது," என்றாள் மனைவி அறிவுமதி.

"காலிங் பெல்?"

"கழட்டியாச்சு. மாமா அத்தையையும் முசிறி பஸ்ல ஏத்தி விட்டாச்சு. இன்னிக்கு குக்கர்கூட விசிலடிக்காதுங்க."

"புராஜெக்ட் மேனேஜர்னா சும்மாவா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவன், சற்று நேரத்தில் தொங்கிய முகத்தோடு வெளியே வந்தான்.

"அதுக்குள்ள எழுதிட்டீங்களா?"

"கேமராவுல ரூமைச் சுத்திக் காட்டச் சொன்னாங்க. சுவத்துல எதுவும் எழுதி ஒட்டியிருக்கக் கூடாதாம். தேர்வை ரத்து பண்ணிட்டாங்க."

அறிவுமதி எட்டிப் பார்த்தாள். நான்கு சுவரிலும் அவன் படிக்க ஒட்டிய குறிப்புகள். நடுவே பெரிய சார்ட்: 'தேர்வுக்கு வரக்கூடிய தடங்கல்கள்.'

நிதானமாகப் படித்து முடித்தாள்.

"எல்லாம் இருக்குங்க. இந்த சார்ட் மட்டும்தான் விட்டுப்போச்சு."