வலப்பக்கச் சுழற்சி

"கண்ண மூடிக்கிட்டு, நின்ன எடத்துலயே காலை மாத்தி மாத்தித் தூக்கி வைங்கம்மா" என்றாள் டாக்டர் கீர்த்தி. மயிலாப்பூரில் அவளுடைய காது-மூக்கு-தொண்டை கிளினிக்குக்கு யார் வந்தாலும் முதலில் இந்தச் சோதனைதான்.

காது அடைப்புக்கு வந்திருந்த வேலம்மா கண்ணை மூடினாள். வலப்பக்கமாக முழுசாக மூன்று சுற்று சுற்றி நின்றாள்.

கீர்த்திக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அவள் நடத்திவரும் தலைசுற்றல் ஆய்வுக்கு இன்னொரு ஆள்!

"வலது காதுல பேலன்ஸ் போயிருக்கும்மா. அதான் உங்களை அறியாமலே சுத்துறீங்க. இங்க வர்ற முக்கால்வாசிப் பேருக்கு இதேதான். வெளிநாட்டு மாநாட்டுக்கே கட்டுரை அனுப்பிட்டேன்!"

"இன்னா டாக்டரம்மா சொல்றே? தெரிஞ்சுதான் சுத்துனேன்." வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கீர்த்தியின் தலைக்கு மேலே கைகாட்டினாள். "இம்மாம் பெரிய புள்ளையார எதுர்ல மாட்டி வச்சிக்கினு கண்ண மூடச் சொன்னா, சுத்தாம பின்ன இன்னா பண்ணுவாங்க?"

கீர்த்தி திரும்பிப் பார்த்தாள்.

ஆய்வு விக்கினமில்லாமல் முடிய வேண்டும் என்று, தொடங்கிய நாளில் அவளே மாட்டிய படம். இதுவரை சேர்த்த அத்தனை நோயாளிகளையும் அங்கிருந்தே சுற்ற வைத்துவிட்டு, கொழுக்கட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார் பிள்ளையார்.