தாளாளர் மகள் எடுத்த சீட்டு

சீட்டைப் பிரித்துப் படித்தவள், அவர் பக்கம் திரும்பவில்லை.

நேராக வகுப்பறைக் கதவருகே போய் நின்றாள்.

தாளாளர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

பெற்றோர் முன்னிலையில் வகுப்பு. ஆறாம் வகுப்பு, ஆங்கில இலக்கணம், அட்வெர்ப். மற்ற பெற்றோருக்கு பெஞ்சு. அவருக்கு மட்டும் ஆபீசிலிருந்து உருட்டி வந்த சுழல்நாற்காலி, அதன்மேல் வெள்ளைத் துண்டு. பள்ளிக்கூடமே அவருடையது. கதவருகே நிற்கிற பிரணிதாவும் அவருடைய மகள்தான்.

மகளானாலும் வளாகத்துக்குள் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். சில நேரம் வீட்டிலும் அவளுக்கு அப்படியே வந்துவிடும். விருந்தாளிகளிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அட்வெர்ப் என்றால் அவருக்கு உயிர். ஆண்டுவிழாவில் வருக என்று சொல்வதற்கே மூன்று வேண்டும். ஹார்ட்டிலி, சின்சியர்லி, ஹம்பிலி. அந்த ஹம்பிலியில்தான் மைக் அலறும்.

"ஒரு காரியத்த எப்படிச் செய்றோம்னு சொல்றதுதான் அட்வெர்ப்" என்று ஜெபசெல்வி மிஸ் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். டிபன் டப்பாவில் சீட்டுகள். ஒரு சீட்டில் ஒரு சொல். எடுத்தவர் வாய் திறக்காமல் நடிக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் வந்த பையன் 'ஸ்லோலி'க்கு ரேஷன் கடை வரிசை மாதிரி நகர்ந்தான். அவர் சிரித்தார். பிறகு பெற்றோரும் சிரித்தார்கள்.

இப்போது பிரணிதா.

கைகளைக் கட்டினாள். தலை குனிந்தாள்.

எதிரே யாரோ நின்று நீளமாகப் புத்தி சொல்கிறார் போல. தலையாட்டினாள். மறுபடியும் ஆட்டினாள்.

கண்டிப்பான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிடித்திருந்தது.

வராந்தாவைப் பார்த்து டாட்டா காட்டினாள். ஏதோ ஒன்று நகர்ந்து, தெருமுனையில் திரும்பி, மறைகிற வரை காட்டினாள்.

பிறகு இல்லாத கேட்டைச் சாத்தினாள். இல்லாத கொக்கியைச் சற்றுத் தூக்கி, இடப்பக்கம் தள்ளி, போட்டாள்.

அவருடைய கால் கீழே இறங்கியது.

அந்தக் கொக்கி அப்படித்தான். தூக்கித் தள்ளினால்தான் விழும். சரிசெய்ய ஆள் வரச்சொல்லுங்க என்று அவர் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன கொக்கி.

பிரணிதா திரும்பினாள்.

தோள் தளர்ந்தது. ரிப்பனை உருவினாள். துள்ளிப் போய் மிஸ்ஸின் நாற்காலியில் விழுந்து, கால்களை அதன் கைமேல் தூக்கிப் போட்டாள். ரிமோட்டை எடுத்து அழுத்தினாள். சத்தம் ஏற ஏற, அழுத்திக்கொண்டே இருந்தாள்.

உள்ளேயிருந்து யாரையோ கையசைத்துக் கூப்பிட்டாள்.

வந்தவளுக்குக் கை ஈரம் போல. தன் யூனிபாரத்திலேயே துடைத்துவிட்டாள். அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். வந்தவளுக்கு முழங்கால் வலி இருக்க வேண்டும். அவளுக்காக வேகத்தைக் குறைத்தாள். பிறகு, ஒரு சத்தமும் வராமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தார்கள்.

ஆமாம், இருவரும். வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு பேர் தெரிந்தார்கள்.

இரண்டாவது ஆளை அவருக்கு நன்றாகவே தெரியும். சிரித்துத்தான் பார்த்ததில்லை.

"ஹேப்பிலி!"

கூரை பிய்ந்துவிடும்போல் வகுப்பு கத்தியது. "ஹேப்பிலி மிஸ்! ஹேப்பிலி!"

கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள். "எங்க வீட்லயும் இப்படித்தான் மிஸ்!"

பெற்றோர் பகுதியில் பெரிய சிரிப்பு. ஒரே ஒரு அப்பா மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஜெபசெல்வி மிஸ் சிரிக்கவேயில்லை. கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்திருந்தது.

பள்ளி மானேஜர் அவர் காதருகே குனிந்தார். "பாப்பா என்னமா நடிக்குது சார்! வீட்டுக்குள்ளயே உக்காந்து பாத்த மாதிரில்லா இருந்துச்சு!"

அவர் கைதட்டிக்கொண்டிருந்தார். எப்போது தொடங்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

சிறப்பாக நடித்தவருக்கு ஒரு பேனா. கொடுப்பவர் அவர்தான்.

பிரணிதா எதிரே வந்தாள். முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு மிச்சமிருந்தது. கைகளைக் கட்டினாள். தலை குனிந்தாள்.

"தேங்க் யூ சார்."

மைக்கை நீட்டினார்கள். எழுதி மனப்பாடம் செய்து வந்ததில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"குட்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் கார் தெருவுக்குள் திரும்பியது. வழக்கமாக முனையிலேயே ஹாரன் அடிக்க வேண்டும். கேட் வருவதற்குள் கேட் திறந்திருக்க வேண்டும். இன்று அவர் கையைத் தூக்கித் தடுத்தார். வீட்டுக்குச் சற்று முன்னாலேயே வண்டி நின்றது.

ஜன்னல் திறந்திருந்தது. பாட்டு தெருவரை வந்தது. பாட்டுக்கு அடியில் இரண்டு சிரிப்பு.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

பாட்டு அறுந்து நின்றது.

"சொல்லுங்க."

"வர லேட்டாகும்."

"சரிங்க." போனிலும் கேட்டது, ஜன்னலிலும் கேட்டது.

வைத்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு பாட்டு. முன்னைவிடச் சத்தமாக.

டிரைவர் சுடலைமுத்து கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "ஹாரன் அடிச்சிரவா சார்?"

"வேண்டாம்ப்பா."

சுடலைமுத்து திடுக்கிட்டுத் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'ப்பா' வந்து அவன் கேட்டதில்லை.

"அப்ப எங்க சார் போக?"

யோசித்தார். பள்ளிக்கூடத்தைத் தவிர ஓர் இடமும் நினைவுக்கு வரவில்லை.

ஜன்னல் திரையில் ஒரு நிழல் சுற்றியது. இல்லை, இரண்டு. ஒன்று மற்றதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

"ரிவர்ஸ் எடு" என்றார். "மெதுவா. சத்தம் வராம."