டிஸ்க் எதுவும் இல்லை

சாப்பாட்டு மேசை மேல் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடக்கிறது. மதிய வெயில் அதன் தூசியில் விழுகிறது. குடும்பப் படங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வீட்டுக்கே ஒரு சர்வர் போடுகிறாராம் கணவர். காலையிலிருந்து திரை ஒரே பாட்டைப் பாடுகிறது: டிஸ்க் எதுவும் இல்லை. புது டிஸ்க்தான் கோளாறோ என்று அதைக் கழற்றி, நாற்காலியில் குவிந்திருக்கும் துவைத்த துணி மேல் போட்டுவிட்டு, சோதித்துப் பார்க்கப் பழைய டிஸ்கைச் செருகியிருக்கிறார். மனைவியின் தம்பி பேசிச் சிரித்த வீடியோக்கள் அந்தப் பழையதில் மட்டும்தான் இருக்கின்றன. தம்பி இப்போது உயிரோடு இல்லை. பழையதும் திரையில் தெரியவில்லை.

துணியை அள்ள வந்த மனைவி திரையைப் பார்க்கிறாள். "டிரைவர் வேணும்னு கீழயே போட்டிருக்கே." "எல்லாம் தெரியும். நீ உன் வேலையப் பாரு." தெரியாது. அவள் துணியோடு உள்ளே போனதும் டிஸ்கைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் அந்த டிரைவர் மென்பொருளைத் தேடிப் பென் டிரைவில் ஏற்றிச் செருகுகிறார். திரையில் டிஸ்க் ஒன்று முளைக்கிறது. ஜெயித்த வேகத்தில், டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையைப் படிக்காமலே சரி என்று தட்டுகிறார். பச்சைக் கோடு நகர்கிறது. விசில் அடிக்கிறார்.

அவள் வாசலில் வந்து நிற்கிறாள். ஒரு கையில் பாதி மடித்த துண்டு, மறு கையில் புது டிஸ்க். "இது துணிக்குள்ள கெடந்துச்சுங்க. அப்ப உள்ள ஓடுறது எது?"

விசில் நின்றுவிடுகிறது. கோடு நிற்கவில்லை.