ஒரே கோடு

“இன்னொரு தடவை நடங்கண்ணே.”

“இதோட ஏழாவது தடவை டாக்டரம்மா. நடந்த நடைக்கு இந்நேரம் புவனகிரிக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்!” கொளஞ்சிக்கு எரிச்சலை அடக்க முடியவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியில் இருந்த பிசியோதெரபி அறை அது. கெண்டைக்காலில் தசையின் வேலையை அளக்கும் ஒயர்களை ஒட்டிக்கொண்டு, அங்கே கொடுத்த ஷூவில் ஒரு தடவை, தன் செருப்பில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருந்தார். காட்டுமன்னார்கோயில் அரிசி மில் ஒன்றில் இருபது வருடமாக மூட்டை தூக்குகிறவர். கடலூரிலிருந்து வந்த புது மேனேஜர் எல்லாருக்கும் மெடிக்கல் செக்கப் வைத்ததில், அவருக்குத் தட்டைப் பாதம் என்று எழுதிவிட்டார்கள். மூட்டை தூக்கலாம் என்று இன்றைக்குள் சான்று வாங்கிப் போகாவிட்டால் வேலை கிடையாது.

“அந்த ஷூவுல பாதத்துக்கு முட்டுக் குடுக்குற அட்டை வெச்சிருக்கேன். அதைப் போட்டு நடந்தா கால் தசைக்கு வேலை குறையணும். உங்க செருப்புல நடந்தா ஜாஸ்தியாவணும். அந்த வித்தியாசம் தெரிஞ்சாத்தான் அட்டை வெச்சுக்கிட்டு மூட்டை தூக்கலாம்னு நான் எழுத முடியும்.” காயத்ரி கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். “பாருங்க, ரெண்டும் ஒரே கோடு!”

“கோடு ஒண்ணா இருந்தா என் வேலை போவணுமா? எனக்குத்தான் கால் வலியே இல்லியே!”

“தட்டைப் பாதத்தோட இருபது வருஷம் மூட்டை தூக்கிட்டு வலி இல்லேன்னா யாருண்ணே நம்புவா?”

“அப்ப மூட்டையத்தான் சாட்சிக்குக் கூப்புடணும்.”

காயத்ரி சிரிக்கவில்லை. பேனாவை மூடினாள். “மன்னிச்சுக்கங்க. அட்டை உங்களுக்குப் பிரயோசனப்படல. சான்று தர முடியாது.”

கொளஞ்சி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். நாளைக்கு மில் வாசலில் கேட்டைத் திறந்துவிட மாட்டார்கள்.

“என் பொழைப்புல மண்ணள்ளிப் போட்ட அந்த அட்டையக் கண்ணாலயாவது காட்டுங்கம்மா.”

ஷூவுக்குள்ளிருந்து உருவிக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் மேடாக இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“இந்த மேட்டுக்கா இத்தன நடை?”

“அதுதாண்ணே உள்ளங்காலைத் தாங்கும்.”

கொளஞ்சி குனிந்து தன் செருப்பை எடுத்தார். காயத்ரி வாங்கக் கை நீட்டினாள்.

“ஐயையோ, என் செருப்பப் போயி நீங்க தொடுறதா? தள்ளி இருந்தே பாருங்க.” பிளந்து தைத்திருந்த நடுப்பகுதியை விரலால் தட்டினார். “உள்ள லாரி டயர் துண்டு. இதே உசரம்தான்.”

“அப்ப... ரெண்டுலயும் முட்டு இருந்துச்சா...?”

“எத்தன செருப்பு வாங்குனாலும் மொதல்ல இத வெச்சுத் தெச்சிட்டுத்தான் கால்ல மாட்டுவேன். இல்லேன்னா சப்பைக் காலோட இருபது வருஷம் எப்படிம்மா மூட்டை தூக்குறது?”