பெயர் சொல்லாத லில்லி

எங்கள் தாவரவியல் மாலை வகுப்பில் அந்தக் காட்டு லில்லியின் பெயரை யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் பழகிய தாவரவியல் பெயருக்கு முன்பே அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்ததை ஒரு பழைய நூலில் நான்தான் பார்த்தேன். முதலில் வைத்த பெயரே செல்லும் என்பது விதி. பழகிய பெயரைக் காப்பாற்றும்படி ஆசிரியை எஸ்தர் தாவரப் பெயர்களைத் தீர்மானிக்கும் குழுவுக்கு எழுதினார். முடிவு வரும்வரை இரண்டையும் உச்சரிக்கக் கூடாது என்றார்.

"எங்க வீட்டுக்காரர் மொட்டு விட்டிருக்கார்," என்பாள் ஜமீலா, தொட்டியைக் காட்டி.

"எல்லாம் உன்னாலதான்டா," என்பார் எங்களில் மூத்த மாணவரான கனகசபை. தவறாகப் படித்திருப்பேனோ என்று அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தேன், அதுதான் வருத்தம்.

இன்று லில்லி பூத்திருந்தது. எஸ்தர் கைபேசியைப் பார்த்தபடியே உள்ளே வந்தார். "பழகின பேரே இருக்கட்டும்னு ஓட்டுப் போட்டுட்டாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீயே கூப்பிடு," என்றாள் ஜமீலா.

நான் குனிந்து பூவுக்குள் மெல்லச் சொன்னேன்.

"காதுல மூணு தடவ சொல்லணும்பா," என்றார் கனகசபை.

இரண்டாம் முறை ஜமீலாவும் சேர்ந்துகொண்டாள். மூன்றாம் முறை எது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. மூக்கெல்லாம் மகரந்தம்.