சத்தம் போடாத சண்டை

கோபம் தலைக்கேறியதும் கண்டக்டர் பேனாவைத் தேடினார். ஃபிரிட்ஜ் மேல் கிடந்த நோட்டை எடுத்து, ‘என் குடையை யாருக்குத் தூக்கிக் கொடுத்தாய்?’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அடுப்படியில் நின்ற மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

டீச்சரம்மா நிதானமாகக் கை துடைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘உங்கள் தங்கைக்கு. கொடுக்காவிட்டால் அதற்கும் குதித்திருப்பீர்கள்’ என்று பதில் எழுதிவிட்டு, கணவரின் கையெழுத்துக்குப் பத்துக்கு நாலு மார்க் போட்டார்.

கண்டக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதிலை எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் இறங்கிப்போய்விட்டது. எழுதிச் சண்டை போடுவதில் அவர் கண்ட பெரிய குறையே அதுதான்.

முன்பெல்லாம் அந்த வீடு இப்படியா இருந்தது? அவர் இருபத்தெட்டு வருஷம் ஓடும் பஸ்ஸில் கத்தி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் அடக்கியவர். இரண்டு பேரும் ஆரம்பித்தால் பக்கத்து வீட்டில் டிவியை அணைத்துவிட்டு இவர்களைத்தான் கேட்பார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவன் ஒரே பையன். ஆடிட்டர் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டான். அப்புறம் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, புத்தகத்தைத் தொடவே பயந்தான். ஒரு நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவன் அழுதது கதவைத் தாண்டிக் கேட்டதும், பெற்றவர்கள் இருவரும் மறுநாளே அவனை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். “மாத்திரைய நான் பாத்துக்கறேன், வீட்டை நீங்க பாத்துக்குங்க. அவர் பாஸாகிற வரைக்கும் ஒரு குரல் உயரக் கூடாது. ரிசல்ட்டையும் அவரா சொன்னா ஒழிய நீங்களா கேக்கக் கூடாது.”

அன்றைக்கு வாங்கியதுதான் முதல் நோட்டு; அட்டையில் ‘பையன் பாஸாகும் வரை’ என்று டீச்சரம்மா சிவப்பில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். மூன்றாவது தடவை எழுதி ரிசல்ட் வந்தபோது பையன் வாயே திறக்கவில்லை. இந்தத் தடவையும் ஊத்திக்கொண்டது என்று புரிந்துகொண்டு, மூச்சுக் காட்டாமல் இரண்டாவது நோட்டு வாங்கினார்கள்.

ஒரு விஷயத்தில் டாக்டர் சொன்னது பலித்தது. பையன் தேறிவிட்டான். நன்றாகத் தூங்கினான், சாப்பிட்டான், காலையில் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு லைப்ரரிக்கென்று கிளம்பினான். ‘லைப்ரரிக்குப் போகிறவனுக்குத் தினமும் எதற்கு இஸ்திரி போட்ட சட்டை?’ என்று கண்டக்டர் ஒரு நாள் எழுதியிருந்தார். ‘படிக்கிற பிள்ளை பளிச்சென்று போகட்டுமே’ என்று சிவப்பில் பதில் வந்தது.

குடைத் தகராறு முடிந்த பிறகுதான், அன்றைக்கு அவன் டிபன் பாக்ஸை மேஜையிலேயே விட்டுப் போனதை இருவரும் பார்த்தார்கள். பிள்ளை பசியோடு படிப்பானே என்று கண்டக்டர் அதைத் தூக்கிக்கொண்டு லைப்ரரிக்கு ஓடினார்.

“அவரா?” என்று லைப்ரரியன் நிமிர்ந்து பார்த்தார். “பாஸாகி எட்டு மாசம் ஆச்சே சார்! எங்க எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தாரே. ஏதோ பெரிய ஆடிட்டர் ஆபீஸ்ல வேலைன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும்” என்று சமாளித்துவிட்டு, கண்டக்டர் டிபன் பாக்ஸோடு வீடு வந்து சேர்ந்தார். இதைப் போய் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? மனைவியின் காதோடு சொன்னார். டீச்சரம்மா சந்தோஷத்தில் அழுதார், பிறகு நம்மிடம் மறைத்துவிட்டானே என்று அழுதார்.

சாயங்காலம் பையன் செருப்பைக் கழற்றுவதற்குள் இருவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

“ஏன்டா, பாஸாயிட்டியாமே! எட்டு மாசமா ஏன்டா மறைச்சே?” இரண்டு வருஷத்துக்குப் பிறகு கண்டக்டரின் குரல் ஓடும் பஸ்ஸில் ஒலிப்பதுபோல ஒலித்தது.

“பிள்ளை உள்ள வரதுக்குள்ள இப்படியா கத்துவீங்க? தள்ளுங்க, நான் கேக்கறேன்.”

“நீ என்னத்தக் கேப்பே? இஸ்திரி சட்டைய வெச்சு நான் அப்பவே சந்தேகப்பட்டேன். நீதான் என் வாய அடைச்சே!”

“ஆமா, எல்லாம் தெரிஞ்சவரு! பெத்த பிள்ளை வேலைக்குப் போறது கூடத் தெரியாம சுத்தினீங்க!”

“நீ மட்டும் என்னத்தக் கண்டுபிடிச்சே? என் குடைய எடுத்துத் தானம் பண்ணத்தான் தெரியும் உனக்கு!”

“உங்க தங்கச்சிதானே வந்து நின்னா? அவளப் போய்க் கேளுங்க!”

பக்கத்து வீட்டில் டிவி அணைந்தது.

பையன் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

“இதுக்குத்தாம்பா சொல்லல.”