இறக்கைக்கு முன்னால், வலது பக்கம்

விமானத்தில் மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்த கையோடு, ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்தார்.

இந்த சீட்டுக்காக மகளை அவர் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. வலது பக்கம்தான் வேண்டும்; இடது பக்கம் காலை வெயில் கண்ணைக் கூசும். இறக்கைக்கு முன்னால் வேண்டும்; இல்லாவிட்டால் மலைக்குப் பதில் தகரத்தைப் பார்த்துக்கொண்டு வரலாம். எங்கே உட்கார்ந்தாலும் ஒரே ஊருக்குத்தானே போகப்போகிறது என்று கேட்டுக்கொண்டே மகள் இரண்டு தடவை சீட்டை மாற்றிக் கொடுத்தாள்.

எல்லாம் மனைவிக்காக. மலையிலிருந்து சமவெளிவரை அவர் போட்ட சாலையை அவள் ஒரு தடவையாவது மேலிருந்து பார்க்க வேண்டும்.

அவள் அப்பாவின் ஆப்பிள் தோட்டத்தைப் பாதியாகப் பிளந்த சாலை அது. நேராகப் போட முடியாது, குறுக்கே பெரிய பாறை, வெடி வைத்தாலும் அசையாது என்று அன்று பொறியாளர் சொன்னார். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமனார் கோர்ட்டு, கேஸ் என்று அலையாமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஏக்கத்திலேயே போயும் சேர்ந்தார்.

கணவனை அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இத்தனை வருஷமும் திட்டியதெல்லாம் பாறையைத்தான்.

பனிமலை போய்க் காடு வந்தது. காடு விலகிச் சாலை தெரிந்தது. பொறியாளர் அவள் தோள்மேல் சாய்ந்து, ஒவ்வொரு வளைவாக விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார்.

நேராக இறங்கிய சாலை ஓரிடத்தில் சட்டென்று ஒதுங்கியது. பெரிய சுற்றாகச் சுற்றி, அவள் அப்பாவின் தோட்டத்துக்குள் புகுந்து, மறுபடி பழைய கோட்டுக்கே வந்து சேர்ந்தது.

அவள் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள்.

"பாறை எங்கங்க?"

அவரும் தேடினார். நிஜமாகவே தேடினார். சொல்லிச் சொல்லி அவருக்கே அந்தப் பாறைமேல் நம்பிக்கை வந்திருந்தது.

பாறை இருக்க வேண்டிய இடத்தில் தட்டு மாதிரி சமமான நிலம். அதில் வரிசை பிசகாத ஆப்பிள் மரங்கள், ஓரமாகச் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடு. அந்த வீட்டுக்கு அவள் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். ஆனால் மரங்கள் மறைத்துக்கொள்வதால், சாலை எங்கே, வீடு எங்கே என்று கீழே இருக்கும்போது பிடிபட்டதில்லை.

அது பொறியாளருடைய அக்கா வீடு. போன வாரமே சமவெளியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்த அக்கா, ஊர் திரும்புவது இவர்களோடுதான்.

ஒரு மேகமாவது வந்து மறைக்காதா என்று அவருக்கு இருந்தது. வானம் பளிச்சென்று கிடந்தது. மேகமில்லாத மாதமாகப் பார்த்து டிக்கெட் போடச் சொன்னவரும் அவரேதான்.

வயல் வந்து, ஆறு வந்து, மலை பின்னால் போய் மறைந்த பிறகுதான் அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை.

"திரும்பி வர்றப்ப இதெல்லாம் இடது பக்கமா வரும். ஜன்னலோரம் உங்க அக்கா உக்காரட்டும். பக்கத்துல இருந்து நான் காட்டுறேன்."